உரிமையாளர் வெளியே இருக்கவும்

கருப்பட்டிக்கு வாழ இன்னும் ஆசை இருக்கிறது என்று இயந்திரம் எட்டாவது முறையாகச் சொன்னது. எண்பத்தொன்று. மூன்று நாளைக்கு முன் எழுபத்தாறு, அதற்கு முன் எழுபது. உடம்பு தேயத் தேய ஆசை மட்டும் ஏறிக்கொண்டே போன அந்த நாட்டு நாய்க்குப் பதின்மூன்று வயது. பின்னங்கால் எலும்பில் தொடங்கிய புற்றுநோய் நுரையீரல் வரை வந்திருந்தது. இரண்டு நாளைக்கு ஒரு தடவை நெஞ்சுக்கூட்டில் நீர் கோத்துக்கொள்ளும். ஊசியால் உறிஞ்சி எடுத்தால்தான் மூச்சு விட முடியும்.

டாக்டர் யசோதரா நாயின் தலையிலிருந்து பட்டையைக் கழற்றினாள். கையைக் கழுவிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள். கோயம்புத்தூரின் வடக்கு ஓரத்தில், புறவழிச் சாலையை ஒட்டியிருக்கும் அந்த நாய் பூனை அவசர மருத்துவமனைக்கு அவள்தான் தலைமை மருத்துவர். அங்கே ஒவ்வொரு கதவிலும் ஒரு பலகை உண்டு: 'உரிமையாளர் வெளியே இருக்கவும்.' வெளியே என்றால் வராந்தா கூட இல்லை. வாசனையும் குரலும் எட்டிவிடக் கூடாது என்பதால் மெயின் கேட்டுக்கு வெளியே, தகரக் கூரை போட்ட கொட்டகையில்தான் உட்கார வேண்டும். கொட்டகைச் சுவரில் ஒரு திரை இருக்கும். அவரவர் நாயையும் பூனையையும் அதில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கிடையாது.

கொட்டகையில் நாச்சிமுத்து எழுந்து நின்றார். நூற்பு மில்லில் முப்பத்தைந்து வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்திரண்டு நாளாகக் காலை முதல் பஸ்ஸில் வந்து சாயங்காலம் வரை அந்தப் பெஞ்சிலேயே இருக்கிறார்.

"எவ்ளோங்க டாக்டரம்மா?"

"எண்பத்தொண்ணுங்க அண்ணா."

"ஏறிருச்சுங்களா!" அவர் முகத்தில் பெருமையும் கலக்கமும் ஒன்றாக வந்தன. பிள்ளை நல்ல மார்க் வாங்கிவிட்டது, ஆனால் மேலே படிக்க வைக்க வழியில்லை என்கிற அப்பன் முகம் அது. "ஏனுங்க, இந்தப் பட்டை அது மனசுல இருக்கறத அப்படியே காட்டுமுங்களா?"

"அப்படியே காட்டாதுங்க. எவ்வளவு தவிச்சு ஆசைப்படுதுன்னு மட்டும் காட்டும்."

"என்னத்துக்கு ஆசைப்படுதுன்னு?"

"அது தெரியாது. ஆனா அந்த நெலமைல கெடக்கற உசுருக்கு வேற என்னங்க ஆசை இருக்கும்? பொழைக்கணும்னுதான்."

நாச்சிமுத்து தலையாட்டினார். "அப்பச் சரிங்க. பொழைக்கணும்னு நெனைக்கறவள நாம எப்படிங்க அனுப்பறது?" பிறகு தோள் பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்து நீட்டினார். வீட்டில் மனைவி ராஜாமணி வேகவைத்துக் கொடுத்த கோழி ஈரல். உப்பு போடாதது. "பாத்துக் குடுங்க. சூடா இருந்தாத் தொட மாட்டா."

கருப்பட்டி சாப்பிடுவதை நிறுத்தி ஆறு நாள் ஆகிவிட்டது. டப்பா தினமும் காலியாகத் திரும்பிப் போவது வார்டில் இருக்கும் மற்ற நாய்களின் புண்ணியத்தால். யசோதரா அதைச் சொல்லவில்லை. டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சட்டம் வந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன்பெல்லாம் மருத்துவரும் வளர்த்தவரும் பேசி முடிவெடுத்துக் கருணை ஊசி போட்டுவிடுவார்கள். வெளியூர் மாறிப் போகிறோம், பராமரிக்க ஆளில்லை, குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நல்ல உயிர்களையும் தூங்க வைக்கச் சொல்லி வரிசையில் நின்றவர்களை யசோதராவே பார்த்திருக்கிறாள். ஒருத்தர் கல்யாண மண்டபத்துக்கு அவசரமாகப் போக வேண்டும் என்று காரை அணைக்காமலே நாயை இறக்கிவிட்டுப் போனார். ஆகவே விருப்பமானி என்ற கருவி வந்தபோது அவளைவிட மகிழ்ந்தவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். தலையைச் சுற்றிக் கட்டுகிற ஒரு பட்டை. மூளையில் வேட்கை எழும் இடத்தைக் கேட்டு, பூஜ்யத்திலிருந்து நூறுவரை ஓர் எண் சொல்லும். முப்பதுக்கு மேல் இருந்தால் ஊசி போடக் கூடாது. வாயில்லாத ஜீவனுக்குக் கடைசியில் ஒரு வாக்குரிமை கிடைத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின.

சட்டத்துக்கு விதிகள் எழுதிய குழுவில் யசோதராவும் இருந்தாள். பதினான்காம் விதி அவள் கைப்பட எழுதியது. சோதனைக் காலத்தில் ஒரு விஷயத்தை அவள்தான் கண்டுபிடித்தாள்: வளர்த்தவர் பக்கத்தில் இருந்தால் எண் சரசரவென்று இறங்கியது. எழுபதில் இருந்த நாய் இருபதுக்கு வந்தது. காரை அணைக்காமல் போனவரைப் போன்ற ஆட்கள்தான் அவள் நினைவுக்கு வந்தார்கள். பயமுறுத்துகிறார்கள், மனத்தை உடைக்கிறார்கள், எஜமான் சாகச் சொன்னால் சாகிற பிராணி அது என்று குழுவில் அடித்துப் பேசினாள். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வளர்த்தவர் நிழலே படக் கூடாது என்று விதி வந்தது.

அந்த விதி அவளையும் விடவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அவள் வளர்த்த பூனை பிச்சிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. உடம்பெல்லாம் வெள்ளை, வால் மட்டும் பழுப்பு. கல்யாணம் வேண்டாம் என்று தனியாக இருந்துவிட்ட யசோதராவின் வீட்டில் பதினொரு வருடம் இருந்த ஒரே உயிர். தலைமை மருத்துவராக இருந்தாலும் பிச்சிக்கு அவள் உரிமையாளர்தானே. வைத்தியத்தை இளைய மருத்துவர்களிடம் விட்டுவிட்டு விலகிக்கொண்டாள்; பதிவேட்டைச் சரிபார்ப்பது மட்டும் அவளிடம் இருந்தது. அதே கட்டடத்தில், இரண்டு சுவர் தள்ளி, நாற்பத்தொரு நாள் மற்ற பிராணிகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிச்சியின் எண் ஒருநாளும் அறுபதுக்குக் கீழே வரவில்லை. நாற்பத்தொன்றாம் நாள் வலிப்பு வந்து, யாரும் ஊசி போடாமல், தானாகவே போய்விட்டது. வாழ ஆசைப்பட்டது, வாழ விட்டேன் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். மூன்று வருடமாக அவளைத் தாங்கி வந்தது அந்த ஒரு நினைப்புதான்.

கருப்பட்டிக்கு ஒன்பதாவது முறை அளவெடுத்தது இருபத்தைந்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு. உதவியாளர் பால்ராஜ் பட்டையைக் கட்டினார். எண்பத்து மூன்று. எழுதி முடிப்பதற்குள் நாய்க்கு மூச்சுத் திணற ஆரம்பித்துவிட்டது. நாக்கு நீலம் பூத்தது. யசோதரா விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செருகினாள். சிவந்த நீர் குழாயில் இறங்கியது. அந்தச் சமயம் பார்த்து ஆக்ஸிஜன் சிலிண்டர் சீறி அடங்கியது.

"மேடம், ஸ்டோர்ல இருந்து கொண்டாரணும்," என்றார் பால்ராஜ்.

"ஓடுங்க!"

அவர் கையை விட்டதும் கருப்பட்டி துள்ளியது. ஊசி நெஞ்சுக்குள் இருக்கிறது, ஒரு அங்குலம் நகர்ந்தால் நுரையீரல் கிழியும். ஒரு கையில் ஊசி, ஒரு கையில் குழாய், மூன்றாவது கைக்கு எங்கே போவாள்? இன்னொரு உதவியாளர் அன்றைக்கு விடுப்பு. இளைய மருத்துவர் அறுவை அறையில் இருந்தார். யசோதரா முழங்கையால் சுவரில் இருந்த ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினாள்.

"நாச்சிமுத்து அண்ணா! உள்ள வாங்க! உடனே வாங்க!"

செருப்பைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தார் மனிதர். வாசலில் பலகையைப் பார்த்து ஒரு கணம் தயங்கி நின்றார்.

"பரவால்ல, வாங்க. தோளைப் பிடிங்க. அமுக்கிப் பிடிங்க."

அமுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நாச்சிமுத்து கையை வைத்ததும் கருப்பட்டி துள்ளுவதை நிறுத்தியது. தலையைத் திருப்பி அவர் மணிக்கட்டில் மூக்கை வைத்தது. மேசைத் தகரத்தில் வால் ஒருமுறை தட்டியது. "அம்மிணி," என்றார் அவர்.

யசோதரா நிமிர்ந்து, இன்னும் கழற்றாத பட்டையின் திரையைப் பார்த்தாள். ஐம்பத்தொன்று. முப்பத்தெட்டு. இருபது. பதினாலு.

உயிர் போகிறது என்றுதான் நினைத்தாள். ஊசியை உருவிவிட்டு, தொடையில் விரல் வைத்து நாடி பார்த்தாள். நாடி இருந்தது. முன்னைவிட நிதானமாக, ஒரே சீராக. நீர் இறங்கியதில் நாக்கின் நீலமும் கொஞ்சம் வெளுத்திருந்தது. பால்ராஜ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து மாட்டினார். எண் பதினொன்றில் நின்றது.

சோதனைக் காலத்தில் பார்த்ததும் இதைத்தான். எஜமான் பயமுறுத்துகிறான் என்று அவள் முடிவு கட்டியதும் இதைப் பார்த்துத்தான். இங்கே யார் யாரைப் பயமுறுத்தினார்கள்? அழுக்கு வேட்டியும் வெறுங்காலுமாக ஒரு மனிதர் நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருக்கிறார். நாய் கண்ணைப் பாதி மூடிக்கொண்டிருக்கிறது.

"அண்ணா, ஒரே ஒரு நிமிஷம் கதவுக்கு வெளிய நில்லுங்க."

நாச்சிமுத்து அவளைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டு வெளியே போனார். கதவு மூடியதும் கருப்பட்டியின் தலை கதவுப் பக்கம் திரும்பியது. தூக்க முடியாத தலையைத் தூக்கப் பார்த்தது. முப்பது. ஐம்பத்தைந்து. எழுபத்தேழு. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"வாங்க அண்ணா, வாங்க! உள்ள வாங்க!" யசோதரா தானே ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். இன்னொரு முறை அதைச் செய்து பார்க்க அவளுக்கு மனம் இல்லை.

எண் மறுபடி இறங்கியது. பால்ராஜ் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். யசோதரா மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணா, வீட்ல இவ எப்படி இருப்பா? நீங்க மில்லுக்குப் போய்ட்டிருந்த காலத்துல?"

"எப்படிங்க இருப்பா? வாசல் கேட்டுப் பக்கத்துல உக்காந்திருப்பா. பகல் ஷிப்டோ ராத்திரி ஷிப்டோ, நான் வர்ற வரைக்கும் அசைய மாட்டா. சோறு வெச்சாலும் தொட மாட்டா. ராஜாமணி திட்டாத திட்டு இல்லீங்." அவருக்குச் சிரிப்பு வந்தது. "நான் வந்து, 'வந்துட்டேன், போய்ப் படுத்துக்க'ன்னு சொல்லோணும். சொன்னாப் போய்ச் சுருண்டுக்குவா. அவ்ளோதானுங்க. வேற எதும் அவளுக்கு வேண்டாம்."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். திரையில் இருந்த எண்ணை அப்போதுதான் பார்த்தார். மில்லில் மீட்டர் பார்த்தே வாழ்க்கையைக் கழித்தவர். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நான் வெளிய இருந்தா எம்பது. உள்ள வந்தாப் பத்துங்களா?"

"ஆமாங்க."

"அப்ப அது பொழைக்கறதுக்குத் தவிக்கலீங்களா?"

"உங்களுக்காகத்தான் தவிச்சிருக்குதுங்க அண்ணா."

கருப்பட்டியின் விலா ஏறி இறங்குவதைப் பார்க்கவே வலித்தது. இனி சில மணி நேரத்திலேயே மறுபடி நீர் கோக்கும். மறுபடி ஊசி. நாளைக்கும் அதேதான். பதினொன்று என்றால் சாக ஆசை என்று அர்த்தமில்லை, அது யசோதராவுக்கு இப்போது தெரிந்தது. இனி வேண்டியது எதுவும் இல்லை என்றுதான் அர்த்தம். மிச்சத்தைப் பட்டை சொல்லாது. மனிதர்கள்தான் பார்த்து, யோசித்து, பொறுப்பைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு சொல்ல வேண்டும். ஆறு வருடமாக அவள் அந்தப் பொறுப்பை ஓர் எண்ணின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறாள்.

அவள் மருந்து அலமாரியின் சாவியை எடுத்தாள்.

பால்ராஜ் குரலைத் தாழ்த்தினார். "மேடம், அண்ணன் உள்ள இருக்கறப்ப எடுத்த அளவு செல்லாதுங்க. பதினாலாவது விதி. லைசென்ஸ் போயிரும்."

"தெரியுங்க பால்ராஜ். எழுதுனதே நான்தான்." பிறகு நாச்சிமுத்துவிடம் திரும்பினாள். "அண்ணா, இவளுக்குக் குணமாகாது. இனிமேல் நான் பண்றது எல்லாமே வலியை நீட்டறதுதான். ஊசி போட்டாச் சட்டப்படி தப்பு. அந்தத் தப்பு என்மேலதான் வரும், உங்கமேல ஒண்ணும் வராது. ஆனா நீங்க சரின்னு சொல்லாமப் போட மாட்டேன்."

நாச்சிமுத்து சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். வீட்டுக்குப் போன் போட்டு ராஜாமணியிடம் சொன்னார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று தெரியவில்லை. "ம்... ம்... ஆமா, பக்கத்துலதான் இருக்கறேன்," என்று மட்டும் கேட்டது. போனை வைத்துவிட்டு, குனிந்து, நாயின் நெற்றியில் தன் நெற்றியை வைத்தார்.

"அம்மிணி, வந்துட்டேன் சாமி. போய்ப் படுத்துக்க."

யசோதரா மருந்தை மெதுவாக ஏற்றினாள். பட்டையைக் கழற்றத் தோன்றவில்லை. பத்து. ஏழு. நான்கு. எண் பூஜ்யத்துக்கு வருவதற்கு முன்பே கருப்பட்டி தூங்கிவிட்டிருந்தது. பால்ராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிலிண்டரை அடைத்தார்.

வெள்ளைத் துணி சுற்றிக் கையில் கொடுத்தபோது நாச்சிமுத்து அழவில்லை. நடந்து வாசல் வரை போனவர் நின்று திரும்பினார்.

"இருபத்தஞ்சு நாளும் நான் கேட்டுப் பக்கத்துலதானுங்க இருந்தேன் டாக்டரம்மா. அவ அங்க எனக்காக உக்காந்திருந்த மாதிரியே நானும் இங்க உக்காந்திருந்திருக்கறேன். நடுவுல ஒரு கதவுதானுங்களே."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் யசோதராவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வார்டில் இன்னும் ஆறு உயிர்கள் இருந்தன. நான்கு நாய், இரண்டு பூனை. எல்லாம் அறுபதுக்கு மேல். கொட்டகையில் ஆறு குடும்பம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யசோதரா பால்ராஜைக் கூப்பிட்டாள்.

"எல்லாக் கதவுலயும் இருக்கற பலகையக் கழட்டிருங்க. வெளிய இருக்கறவங்களை உள்ள வரச் சொல்லுங்க. அவங்கவங்க பக்கத்துல உக்காரட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"மேலிடத்துல கேட்டாங்கன்னா?"

"நானே எழுதி அனுப்பப் போறேன்."

தன் அறையில் உட்கார்ந்து கடிதத்தை எழுதத் தொடங்கினாள். ஆதாரம் வேண்டும். ஒரு நாய் போதாது என்பார்கள். பழைய பதிவேடுகளை எடுத்து, அளவு திடீரென்று இறங்கிய இடங்களைத் தேடினாள். அதிகம் இல்லை, விதியைத்தான் எல்லோரும் ஒழுங்காகப் பின்பற்றியிருந்தார்களே. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவள், மூன்று வருடத்துக்கு முந்தைய பக்கம் ஒன்றில் நின்றாள்.

பிச்சி. பதினேழாம் நாள். பதினொன்று நாற்பதுக்கு அறுபத்தெட்டு. பதினொன்று நாற்பத்திரண்டுக்கு ஒன்பது. பதினொன்று நாற்பத்தாறுக்கு மறுபடி எழுபது. நடுவில் இருந்த ஒன்பதின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் அவளுடைய கையெழுத்து: 'மின்தடை. கருவிக் கோளாறு. நீக்கப்பட்டது.'

அவளுக்கு நினைவு வந்தது. பிச்சிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போன நாள். இன்வெர்ட்டரின் சுவிட்ச் பிச்சி இருந்த அறைச் சுவரில் இருந்தது. பால்ராஜுக்கு அது எட்டாமல் போக, அவளே உள்ளே போய் ஸ்டூல் போட்டு ஏறினாள். நான்கு நிமிடம். விதியை எழுதியவளே மீறலாமா என்று மூச்சை அடக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே வேலையை முடித்து, கூண்டுப் பக்கம் திரும்பாமல் வெளியே வந்துவிட்டாள். முதுகுக்குப் பின்னால் மெல்லிய குறுகுறுச் சத்தம் கேட்டது. மடியில் படுத்திருக்கும்போது பிச்சி போடும் சத்தம். இன்வெர்ட்டர் ஓடும் சத்தம் என்று நினைத்துக்கொண்டாள். பட்டை பேட்டரியில் ஓடுவது, கரண்ட் போனதற்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அன்றைக்கே அவளுக்கு அது தெரியும்.

அதற்குப் பிறகு இருபத்து நான்கு நாள், இரண்டு சுவருக்கு அந்தப்பக்கம் தன் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பிச்சி படுத்திருந்திருக்கிறது.

வார்டில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரலும், நாய் ஒன்று முனகுகிற குரலும் கேட்டன. அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு பேனாவை எடுத்து, 'கருவிக் கோளாறு' என்ற சொற்களை அடித்துவிட்டு, அதற்குக் கீழே தெளிவாக எழுதினாள்: 'உரிமையாளர் உள்ளே இருந்தார். நான்கு நிமிடம்.'